கரிய முகத்தை வெளுக்காமல் தீட்டுவது எப்படி?

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஓரமாக நிற்கும் பணியாட்களாகவே வருவார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் பார்த்தவர்களிடம் அனுமதி கேட்டு, போட்டோ எடுத்து, ஆளைவிடப் பெரிதாக ஓவியர் ஜோர்டன் காஸ்டீல் தீட்டியபோது அதே மக்கள் கேன்வாஸ் முழுக்க நிறைந்தார்கள். அப்படி ஒரு முகத்தை ஆயில் பெயின்டில் தீட்டலாம்.

1. அனுமதி கேட்கும்போதே படம் எங்கே மாட்டப்படும், பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். ஜன்னலோரம் உட்காரவைத்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் போன் முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்.

2. 16×20 அங்குல கேன்வாஸில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீராகக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் எந்த நிறமும் கூடுதல் கருமையாகத் தெரியும். தொடக்கத்திலேயே பலர் பயந்து வெள்ளையைக் கலப்பது இதனால்தான்.

3. நிழலுக்கு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) 2 பங்கு, அல்ட்ராமரின் நீலம் 1 பங்கு. நடுநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா 2 பங்கு, அந்த நிழற்கலவை 1 பங்கு. வெளிச்சத்துக்கு நடுநிறத்தோடு மஞ்சள் ஓக்கர் (மண்மஞ்சள்) சேருங்கள். வெள்ளை கடைசியில்தான், அரிசிமணி அளவு. கூடினால் தோல் சாம்பல் பூத்துவிடும். நெற்றியில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள், மெல்லிய நீலம் தெரியும். அங்கே மட்டும் துளி அல்ட்ராமரினும் வெள்ளையும். காது மடல், மூக்கு நுனிக்குக் கொஞ்சம் அலிசரின் சிவப்பு.

கறுப்புப் பெயின்டையே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் ஐவரி, கார்பன், மார்ஸ் என்று மூன்று கறுப்புகளை எடுத்து, நீலமோ பச்சையோ ஊதாவோ கலந்து, ஒவ்வொன்றையும் தனி நிறமாக்குகிறார்.

4. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல்களை முதலில் மெல்லியதாகப் போடுங்கள், பிறகு நடுநிறம், வெளிச்சம் கடைசியில், கெட்டியாக. கண்ணின் வெள்ளைப் பகுதிக்குச் சாம்பல் கலந்த பழுப்புதான். அங்கே தூய வெள்ளையும் உதட்டில் பளிச்சென்ற சிவப்பும் வைத்தால், கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய பழைய கேலிச்சித்திரம் வந்து நிற்கும். மேலுதடு கருமையாகவும் கீழுதடு சற்றே வெளிறியும் இருக்கட்டும்.

5. காய்ந்தபின் அம்பர் பூசிய இடங்கள் பொலிவிழந்து நிழல் தட்டையாகும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துணியால் ஒற்றியெடுத்தால் ஆழம் திரும்பும். ஒப்புக்கொண்டிருந்தால் அவர் பெயரையே தலைப்பாக வைத்து, முதலில் அவரிடம் காட்டுங்கள்.