சின்ன சிஎன்சி மில்லில் தினமும் அதே ஜீரோ கிடைக்க

ஒவ்வொரு பீஸின் மூலையையும் தொட்டு ஜீரோ (அளவுகள் தொடங்கும் புள்ளி) எடுப்பதை முதலில் விடுங்கள். வெட்டி வரும் பீஸ் அரை மில்லி கூடக்குறைய இருக்கும். பீஸை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் நிலைத்தாடை நகராது. ஜீரோவைத் தாடையில் வையுங்கள். அது ஹோமிலிருந்து (சுவிட்சைத் தொட்டு மெஷின் தன் இடத்தை அறியும் புள்ளி) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஒருமுறை அளந்தால் போதும்.

அதற்கு ஹோமிங் நம்பும்படி இருக்க வேண்டும். ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டும் மென்பொருள்) போர்டில் $22=1 (ஹோமிங் இயங்க), $24=25 (சுவிட்சை மெதுவாகத் தொடும் வேகம்) கொடுங்கள். $1=255 வைத்தால் நடுவில் மோட்டார் பிடி தளராது. 0.01 டயல் கேஜை நிறுத்தி, பத்து முறை ஹோம் செய்து அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் 0.02-க்குள் நின்றால் நல்லது. 0.1 வரை ஆடினால் முதலில் சுவிட்சைப் பாருங்கள். கடலூர் முதுநகர், வைத்திக்குப்பம் போல உப்புக்காற்று படும் இடங்களில் திறந்த மைக்ரோ சுவிட்சின் காண்டாக்ட் சீக்கிரம் கெடும். தொடாமலே உலோகத்தை உணரும் சீல் செய்த ப்ராக்ஸிமிட்டி சென்சாரை, ஆப்டோகப்ளர் (ஒளி மூலம் சிக்னல் கடத்தும் பாகம்) வழியாக இணைப்பது மேல். அதன் முகத்தில் இரும்புத் தூள் ஒட்டினால் அதுவும் ஏமாற்றும்.

வைஸை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மேல் வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் பலகை உப்பி, இசட் உயரம் மாறும். அலுமினியத் தட்டுதான் சரி. வைஸை அடிக்கடி கழற்றுவதானால் தட்டில் 5.8-ல் துளைத்து, 6 எச்7 ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டி, இரண்டு டவல் பின் (இடம் பிசகாமல் நிறுத்தும் கம்பி) இறக்குங்கள். வைஸ் அடியில் ஒரு துளைக்கு 6.02 ரீமர், மற்றதை நீளவாக்கில் ஸ்லாட்டாக வெட்டுங்கள். இரண்டும் வட்டத் துளையாக இருந்தால் வைஸ் பாதியில் இறுகி நின்றுவிடும். கையில் ரீமர் இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

இனி எக்ஸ், ஒய். ஸ்பிண்டிலை நிறுத்தி, டூலைப் பிடிக்கும் காலெட்டில் 6 மில்லி கிரவுண்ட் பின்னை (துல்லியமாகச் சாணை பிடித்த கம்பி) மாட்டுங்கள். சுழன்றபடி விளிம்பைக் கண்டறியும் பழக்கப்பட்ட எட்ஜ் ஃபைண்டரை ரவுட்டர் ஸ்பிண்டிலில் போடாதீர்கள். அது 1000 ஆர்பிஎம் அளவுக்கானது, பத்தாயிரத்தில் முனை பிய்த்துக்கொண்டு பறக்கும். தொட்டதும் சிக்னல் தரும் ப்ரோப் ஒயரின் ஒரு முனை பின்னில், மற்றது வைஸில். பின்பக்க நிலைத்தாடையைத் தொட்டதும் ஜி10 எல்20 பி1 ஒய்-3 (நிற்கும் இடத்தை ஜி54 என்ற ஜீரோ பதிவில் ஒய் -3 என்று எழுதும் கட்டளை; 3 என்பது பின்னின் பாதி விட்டம்). பீஸின் இடது ஓரம் முட்டும் ஸ்டாப்பரின் வலது முகத்தைத் தொட்டதும் ஜி10 எல்20 பி1 எக்ஸ்3. பின்னைக் கையால் அரைச் சுற்று திருப்பி மறுபடி தொடுங்கள். வித்தியாசம் வந்தால் அது காலெட் ஆட்டம், இரண்டுக்கும் நடு அளவை எடுங்கள். வெட்டும் பாதையைத் தயாரிக்கும் கேம் மென்பொருளிலும் ஆரிஜினைப் பின்-இடது-கீழ் மூலைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஜீரோவைத் தற்காலிகமாக வைக்கும் ஜி92 வேண்டாம், ரீசெட் செய்தால் போய்விடும். ஜி54 போர்டிலேயே பதிந்திருக்கும்.

இசட் மட்டும் ஒவ்வொரு டூலுக்கும் புதிதாக எடுக்க வேண்டும், காலெட்டில் டூல் ஒரே ஆழத்தில் உட்காராது. பேரலல் (பீஸுக்கு அடியில் வைக்கும் சம உயரப் பட்டை) மேல் ப்ரோப் தட்டை வையுங்கள். தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், 12.47 என்று வைப்போம். பிறகு இந்தக் கட்டளைகளை வரிசையாகக் கொடுங்கள் (ஜி38.2 தொடும்வரை இறக்கும்): ஜி91, ஜி38.2 இசட்-25 எஃப்100, ஜி0 இசட்2, ஜி38.2 இசட்-4 எஃப்20, ஜி10 எல்20 பி1 இசட்12.47, ஜி0 இசட்10, ஜி90. வேகமாகத் தொட்டால் டூல் சற்றுத் தாண்டித்தான் நிற்கும். இரண்டாவது மெதுவான தொடல் அதற்காகத்தான். அனோடைஸ் செய்த தட்டில் மின்சாரம் பாயாது, டூல் நேராகத் தட்டில் இறங்கிவிடும். முதலில் தட்டைக் கையால் டூலில் தொட்டு சிக்னல் வருகிறதா பாருங்கள்.

பீஸ் மாட்டும்போது பிசிறை அரம் போட்டு எடுங்கள். ஸ்டாப்பர் பீஸின் நடு உயரத்தில் முட்டட்டும். இறுக்கும்போது அசையும் தாடை பீஸைத் தூக்கும்; நைலான் சுத்தியால் தட்டி, பேரலல் கையால் இழுத்தும் அசையாத வரை உட்கார வையுங்கள்.

கரண்ட் போய் வந்தால் ஹோம் செய்யாமல் தொடரவே கூடாது. டிரைவர் விழிக்கும்போது மோட்டார் இரண்டு ஸ்டெப் வரை துள்ளலாம். 8 மில்லி லீட் ஸ்க்ரூவில் அது 0.08 மில்லி. காலையில் ஸ்பிண்டிலைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஹோம் செய்து, அதே கிரவுண்ட் பின்னைக் கொண்டு தாடையை மறுபடி தொட்டு, அப்போதைய மெஷின் ஒய் அளவோடு 3 கூட்டி, $# காட்டும் ஜி54 ஒய் அளவோடு ஒப்பிடுங்கள். 0.05-க்கு மேல் தள்ளினால் ஜீரோவை மாற்றி எழுதும் முன் சுவிட்ச், கப்ளிங் ஸ்க்ரூ, வைஸ் போல்ட் மூன்றையும் இறுக்கிப் பாருங்கள்.