வீட்டு ரீல் டெக்கிலிருந்து ஸ்டூடியோ மெஷினுக்கு மாறும் முன்

ரீல் டேப் ரெக்கார்டர் வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியது டிராக் அமைப்பு, அதாவது டேப்பின் அகலத்தைப் பதிவுகள் பங்கிட்டுக்கொள்ளும் விதம். வீட்டு டெக்குகளில் பெரும்பாலானவை குவார்ட்டர் டிராக்: அகலத்தை நான்காகப் பிரித்து இரு பக்கமும் பதியும். ஸ்டூடியோ மெஷின்கள் ஹாஃப் டிராக்: இரண்டாகப் பிரித்து ஒரே பக்கம் பதியும். இரு பக்கமும் பதிந்த வீட்டு டேப்பை ஹாஃப் டிராக் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பாகம்) ஓட்டினால், மறுபக்கப் பதிவும் பின்னோக்கி ஓடியபடி கூடவே கேட்கும். எந்த ரிப்பேரும் இதைச் சரிசெய்யாது. என்னிடமுள்ள டேப்புகள் குவார்ட்டர் டிராக் என்பதால்தான் ஒட்டாரி எம்எக்ஸ்-5050 பிஐஐ என்ற ஸ்டூடியோ மெஷினைத் தேர்ந்தெடுத்தேன். அதில் குவார்ட்டர் டிராக் பிளேபேக் ஹெட் தனியாகவே உண்டு. ஸ்விட்சை மாற்றினால் போதும்.

அடுத்தது ஹெட் தேய்மானம். டார்ச் அடித்து, டேப் உரசும் பட்டையைப் பாருங்கள். அதன் ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேப்பிங் (ஹெட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது) செலவையும் கணக்கில் சேருங்கள். ஹெட்டின் நடுவிலுள்ள மெல்லிய காந்த இடைவெளியே அகன்றிருந்தால் ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். அப்படிப்பட்ட மெஷினை நான் வாங்கவே மாட்டேன். டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கெட்டியாகிப் பளபளத்தாலும் பயப்பட வேண்டாம், புதிது கிடைக்கும்.

வாங்குவது ரெவாக்ஸ் பி77 மெஷின் என்றால், உள்ளே இருக்கும் ரிஃபா கம்பெனி கெப்பாசிட்டர்களை மாற்றாமல் கரண்ட் கொடுக்காதீர்கள். அவற்றின் மேலுறை வெடித்து ஈரம் புகுந்திருக்கும். ஆன் செய்ததும் புகைந்துவிடும்.

டேப் செலவும் கூடும்: 2500 அடி ரீல், வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம்தான் ஓடும். பேச்சுப் பதிவுக்கு ஏழரை அங்குலமே தாராளம்.