ஏற்காடு மலைப்பாதைக்கு எந்தக் கூலிங் கிளாஸ்? மூடுபனியில் டூவீலர் ஓட்டுபவர்களுக்கான செய்முறை

சேலத்தில் கூலிங் கிளாஸ் வாங்கும்போது மனதில் இருப்பது வெயில் மட்டும்தான். அஞ்சு ரோட்டு வெயிலுக்கு அது போதும். அதே கண்ணாடியோடு டூவீலரில் ஏற்காடு ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் மூன்று விதமான வெளிச்சம் வந்து போகும். அடிவாரத்தில் சுள்ளென்று வெயில், நடுவில் மரநிழல், மேலே மூடுபனி. இந்த மூன்றில் கண்ணை ஏமாற்றுவது மூடுபனிதான். இருட்டாகவும் இருக்காது, வெயிலும் இருக்காது. நிழல் விழாததால் ரோட்டில் எது பள்ளம், எது மேடு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பனிப்பிரதேசத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் மோசம். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வரும். தரையும் வானமும் ஒரே வெள்ளையாகி, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே பிடிபடாது. இறங்கும்போது விசிறிக் காற்றில் தூள்பனி கிளம்பினால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும். அதனால் அவர்கள் ஒரு கரும்பாறை, ஒரு மரம், தரையில் வைத்த அடையாளம் என்று கருப்பாக எதையாவது பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். கண்ணாடி அதற்குத் துணை மட்டுமே. நமக்கும் அதே கணக்குதான்.

படி 1: அடர்த்தியைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் நிறத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் எண்ணைக் கேளுங்கள். நல்ல கண்ணாடியின் காதுப்பிடியின் உட்புறத்தில் 0 முதல் 4 வரை ஒரு வகை எண் இருக்கும். லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதற்கான குறி அது. 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல். 1 என்றால் 43 முதல் 80. 2 என்றால் 18 முதல் 43. 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் 3 முதல் 8 சதவீதம். வகை 4 வண்டி ஓட்டவே கூடாதது. பளீரென்ற பனிமலைகளில் நடப்பவர்களுக்கானது அது.

கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வகை 3. ஊருக்குள் மதிய வெயிலுக்கு நல்லது; மலைப்பாதை மரநிழலுக்குள் நுழைந்ததும் அதுவே ஆபத்து. அடிவாரம் வரைக்கும் வகை 2, மூடுபனிக்கு வகை 0 அல்லது 1 என்று இரண்டு கண்ணாடி வைத்துக்கொள்வதுதான் என் கணக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வகை 1 வாங்குங்கள். வெயிலில் கொஞ்சம் கண் சுருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

இதில் பலர் விடுவது ஹெல்மெட் கண்ணாடியை. அதுவும் புகைநிறமாக இருந்தால் இரண்டும் பெருக்கிக்கொள்ளும். 50 சதவீதம் விடும் ஹெல்மெட் கண்ணாடிக்குள் 40 சதவீதம் விடும் கூலிங் கிளாஸ் போட்டால் கண்ணுக்கு வருவது 20 சதவீதம்தான். எனவே ஹெல்மெட்டில் நிறமில்லாத கண்ணாடி போதும்.

படி 2: அப்புறம் நிறம்

மஞ்சள் கண்ணாடி மூடுபனியைத் துளைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. துளைக்காது. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மஞ்சள் போட்டதும் 'பளிச்' என்று தோன்றுவது உண்மைதான், ஆனால் பார்வை எட்டும் தூரம் ஒரு அடிகூட அதிகரிக்காது.

பனிப்பிரதேசத்தில் மஞ்சளும் இளம்பழுப்பும் உதவுவதற்குக் காரணம் வேறு. அங்கே பனிமேல் விழும் நிழலுக்கு வானத்தின் நீலம்தான் வெளிச்சம் தருகிறது, அதனால் நிழல் நீலம் பூத்திருக்கும். மஞ்சள் லென்ஸ் அந்த நீலத்தை வெட்டினால் நிழல் இன்னும் கருத்து, மேடு பள்ளம் எடுத்துக்காட்டும். கவனியுங்கள், கொஞ்சமாவது நிழல் இருந்தால்தான் இது நடக்கும். நிழலே இல்லாத இடத்தில் எந்த நிறமும் நிழலை உண்டாக்காது.

ஏற்காட்டிலும் மூடுபனி மெலிதாக இருக்கும்போது இளம்பழுப்பு உதவும். திரண்டு வந்துவிட்டால் நிறமில்லாத கண்ணாடிதான். கருநீலம், ஊதா, அடர்மஞ்சள் வேண்டாம். முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கும் மஞ்சள் இண்டிகேட்டரும் அதனதன் நிறத்தில் தெரிய வேண்டும்.

படி 3: இரண்டு ஆசைகளைத் தள்ளி வையுங்கள்

முதலாவது போலரைஸ்டு லென்ஸ். ஈரமான ரோட்டின் கூசலை இது அழகாகக் குறைக்கும். சிக்கலும் அங்கேதான். வளைவில் தேங்கிய தண்ணீரும் சிந்திய டீசலும் அந்தப் பளபளப்பால்தான் நம் கண்ணில் படுகின்றன. சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரும் போனில் உள்ள மேப்பும் சில கோணங்களில் கருத்துப்போகும். விமானிகளுக்கு இதைப் பரிந்துரைக்காததற்கும் திரைகள் இப்படி மறைவது ஒரு காரணம்.

இரண்டாவது, வெயிலில் தானாகக் கருக்கும் போட்டோகுரோமிக். பவர் கண்ணாடிக்காரர்களுக்கு ஊருக்குள் வசதிதான். ஆனால் இது கருப்பதைவிட வெளுப்பது மெதுவாக, சில நிமிடம் எடுத்து நடக்கும். நிழலுக்குள் நுழைந்து அடுத்த வளைவைத் தொட அவ்வளவு நேரம் ஆகாது. போதாததற்கு, குளிரில் இது இன்னும் அதிகமாகக் கருக்கும். காரிலோ நேர்மாறு: முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் பெரிதாகக் கருக்கவே கருக்காது.

படி 4: கடையிலேயே சோதியுங்கள்

கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே ஒரு டியூப்லைட்டைப் பாருங்கள். கண்ணாடியை மெல்ல அசைக்கும்போது பவர் இல்லாத லென்ஸில் டியூப் நேராகவே இருக்க வேண்டும். நெளிந்தால் வாங்காதீர்கள், கொண்டை ஊசியில் தலை சுற்றும்.

போலரைஸ்டா என்று தெரிய, போன் திரையைக் கண்ணாடி வழியே பார்த்தபடி கண்ணாடியைத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் ஆமாம்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லென்ஸ் என்பதற்கான 'யுவி 400' குறி போட்டிருக்கிறதா பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய மேகமும் அதை முழுக்கத் தடுக்காது. நிறத்துக்கும் இந்தப் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை, நிறமில்லாத லென்ஸிலும் இது கிடைக்கும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். கல் தெறித்தாலும் சுலபத்தில் உடையாது.

படி 5: ஹெல்மெட்டோடு போட்டுப் பாருங்கள்

கடைக்கு ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். காதுப்பிடி மெலிதாக, நேராக இருந்தால்தான் பஞ்சுக்குள் நுழையும். கனமான சட்டம் பொட்டில் அழுத்தி, கொஞ்ச தூரத்திலேயே தலைவலி கொடுத்துவிடும். மூச்சில் லென்ஸ் வேர்க்கிறதா என்றும் கடையிலேயே ஊதிப் பார்த்துவிடலாம்.

படி 6: ரோட்டில்

அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள். மேலே மூடுபனிக்குள் மாற்ற நிற்பது பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. மூடுபனி வந்ததும் வெள்ளையை வெறிக்காமல், ஹெலிகாப்டர்காரர் மாதிரி தனித்துத் தெரியும் ஒன்றைப் பிடியுங்கள்: சில்வர் ஓக் மரத்தின் அடி, வளைவுச் சுவரில் அடித்த பட்டை, ரோட்டோரக் கோடு. அடுத்த அடையாளம் தெரியும் வரை வேகத்தைக் குறைத்து, லோ பீமில் போங்கள். ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் எழும். பொழுது சாய்ந்தபின் இறங்குவதாக இருந்தால் நிறமுள்ள எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். 75 சதவீதத்துக்குக் குறைவாக வெளிச்சம் விடும் லென்ஸ் இரவில் வண்டி ஓட்ட ஆகாது, இரவுக்கென்றே விற்கும் மஞ்சள் கண்ணாடியாக இருந்தாலும் சரி.