தஞ்சாவூர் அரண்மனையைச் சுற்றிக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த ஒரு நாள், தஞ்சாவூர் அரண்மனை முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா குடும்பத்துக்கு இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆசையாகத்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்னதில் பாதி, இருபது வருஷத்துக்கு முன்னால் விருந்தாளிகளுக்கு நான் சொன்ன அதே தப்புகள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, செருப்பு என்று எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லப்போவதில்லை.

"ராஜராஜன் வாழ்ந்த அரண்மனை" என்பது

இல்லை. பெரிய கோயில் 1010-இல் முடிந்தது. இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர்கள் நாயக்கர்கள், அதுவும் 16-ஆம் நூற்றாண்டில். பிறகு வந்த மராட்டிய மன்னர்கள் 1855 வரை அதில் இருந்து, மேலும் மேலும் கட்டினார்கள். நடுவில் ஐந்நூறு வருஷம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மராட்டிய தர்பார் ஹாலின் வண்ணத் தூண்களைப் பார்த்து "சோழர் வேலைப்பாடு" என்று யாரும் வியக்க மாட்டார்கள்.

ஒரு டிக்கெட்டோடு திரும்பிவிடுவது

கலைக்கூடம், தர்பார் ஹால், சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தாலும் நிர்வாகம் வேறு வேறு, டிக்கெட்டும் தனித்தனி. கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு "அரண்மனை பார்த்தாச்சு" என்று ஆட்டோ ஏறுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே நுழையும்போதே இன்னும் எங்கெங்கே டிக்கெட் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் புது ஆற்றைக் காட்டுவது

இந்தத் தப்பைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்தப் பையனும் இதையே சொன்னான்.

ஒருமுறை ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழுவுக்கு அரண்மனையைக் காட்டினேன். அதில் ஒரு பாட்டி, ஆயுசு முழுக்கக் குடம் தூக்கியவர். தூணையும் ஓவியத்தையும் விட்டுவிட்டு, "இத்தனை சனம் இருந்திருக்கே தம்பி, குடிக்கத் தண்ணி எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அன்று யாரும் கேட்காத நல்ல கேள்வி அது. நான் யோசிக்காமல், "பெரிய கோயில் பக்கத்துல ஒரு ஆறு ஓடுச்சே, பாத்தீங்கல்ல, அதுலருந்துதான்" என்றேன். தலையாட்டிக்கொண்டார். பக்கத்திலிருந்த பேரனுக்கும் அதையே திருப்பிச் சொன்னார்.

அந்த ஆறு கல்லணைக் கால்வாய். ஊரில் அதைப் புது ஆறு என்போம். பெயரிலேயே பதில் இருக்கிறது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டி 1934-இல் முடித்த வாய்க்கால் அது. அரண்மனையில் ராஜா இல்லாமல் போய் எழுபத்தொன்பது வருஷம் கழித்து வந்த தண்ணீரை அந்தப் பாட்டிக்குக் காட்டியிருக்கிறேன். திருத்திச் சொல்லலாம் என்றால் அவர் எந்த ஊர் என்பதுகூட எனக்குத் தெரியாது.

உண்மையான பதில் இன்னும் அழகானது. தஞ்சாவூர் டெல்டாவின் விளிம்பில் இருக்கிற ஊர். மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. அந்தப் பக்கத்து மழைநீரை சேவப்பநாயக்கன் ஏரியில் தேக்கினார்கள். வண்டல் அங்கேயே படிந்துவிட, தெளிந்த நீர் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து பூமிக்கடியில் பதித்த சுடுமண் குழாய்கள் வழியே அரண்மனைக்கும், ஊருக்குள் இருக்கிற ஐயன் குளம், சாமந்தான் குளத்துக்கும் போகும். இந்த ஏற்பாட்டுக்கு ஜலசூத்திரம் என்று பெயர். மோட்டார் கிடையாது, நிலத்தின் சரிவுதான் எல்லாம். சேவப்ப நாயக்கர்தான் தஞ்சை நாயக்கர்களில் முதல்வர். சேவப்பநாயக்கன் வாரி என்று இன்றும் ஒரு குடியிருப்புப் பகுதிக்குப் பெயர் இருக்கிறது. அங்கே வீடு கட்டியிருப்பவர்களிலேயே பலர் அந்தப் பெயரின் காரணத்தைக் கேட்டதில்லை.

சிவகங்கைக் குளத்தைச் சுற்றிப் பூங்கா வந்துவிட்டதால், பிள்ளைகள் விளையாடும் இடம் என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். தயவுசெய்து மாற்றுங்கள். முதலில் குளக்கரைக்குக் கூட்டிப் போங்கள். அங்கேயே 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயமும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்த திசை மேற்கே, போன திசை கிழக்கே என்று கைகாட்டுங்கள். அப்புறம் அரண்மனைக்குப் போங்கள். அத்தனை பெரிய அரண்மனையில் அடுப்பு எரிந்தது, ஆட்கள் குளித்தார்கள், குதிரைகள் தண்ணீர் குடித்தன என்பது அப்போதுதான் வருகிறவர்கள் மனசில் விழும்.

அந்தப் பையனைத் தனியாக அழைத்து இதைச் சொன்னேன். முகம் சுருங்கியது. பிறகு பெரியப்பாவிடம் போய், "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றான். எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது.

ஓலைச்சுவடியை எடுத்துக் காட்டச் சொல்வது

சரஸ்வதி மகால் ஆராய்ச்சி நூலகம். சுற்றுலா வருகிறவர்களுக்கு அருங்காட்சியகப் பகுதிதான். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தேடித் தேடிச் சேர்த்தவற்றில் சில கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றை நிதானமாகப் பார்த்தாலே ஒரு மணி நேரம் போகும்.

சுவரில் பெயர் கீறுவது

வேண்டாம்.

உச்சி வெயிலில் தொடங்குவது

சித்திரையில் முற்றம் காலைச் சுடும். எட்டு மணிக்குக் குளக்கரையில் இருங்கள்.