பழைய தாரை இளக்கும் கழிவு எண்ணெய்: கணக்கு பிசகும் இடங்கள்

பழைய சாலையிலிருந்து மில்லிங் இயந்திரம் சுரண்டி எடுத்த கலவையைப் புதுக் கலவையில் சேர்த்து மறுபடி சாலை போடலாம். அதில் ஜல்லி அவ்வளவாகக் கெடுவதில்லை, கெடுவது தார். வெயிலும் காற்றும் பட்டு எண்ணெய்ப்பசை குறைந்து, இறுகி, வெடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெய் அதை இளக்கும். பலரும் சறுக்குவது அதன் அளவில்தான்.

எண்ணெய் 5 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றால் எதில் 5? பழைய தாரின் எடையில். 1,000 கிலோ கலவையில் பழையது 300 கிலோ, அதில் தார் 4.5 சதவீதம் என்றால் 13.5 கிலோ. ஆக எண்ணெய் 675 கிராம். இதையே பழையதும் புதியதுமான மொத்தத் தார் 52 கிலோவுக்குப் போட்டால் 2.6 கிலோ, கிட்டத்தட்ட நான்கு மடங்கு! அப்படிப் போட்ட சாலை சித்திரை வெயிலில் லாரித் தடத்தில் குழியும்; மழையில் ஜல்லியை விட்டுத் தார் உரியும்.

அந்த 5-உம் உதாரணத்துக்குத்தான். பழைய கலவைக் குவியலில் நாலைந்து இடத்தில் மாதிரி எடுத்து, தாரைக் கரைத்துப் பிரித்து, 3, 5, 7 சதவீதம் எண்ணெய் சேர்த்துப் பாருங்கள். புதுத் தாரும் சேர்ந்தபின், 60 டிகிரியில் பாகுநிலை, அதாவது ஓடாமல் நிற்கும் கெட்டித்தன்மை, வி.ஜி.30 என்ற சாலைத் தார் ரகத்துக்குரிய 2,400 முதல் 3,600 பாய்ஸுக்குள் நிற்க வேண்டும்.

ஓட்டலிலிருந்து வந்த எண்ணெயை டின்னோடு கவிழ்ப்பது அடுத்த தவறு. அடியில் மசால் கசடும் தண்ணீரும் கிடக்கும். சூடான தாரில் தண்ணீர் பட்டால் நுரைத்துப் பொங்கி, பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். முதலில் வடிகட்டுங்கள், பிறகு 110 டிகிரியில், சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சுங்கள். பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், அது தாரின் பிடியைத் தளர்த்தும். அமில எண் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய இன்ஜின் ஆயில் மலிவுதான். ஆனால் அதில் உலோகக் கசடு உண்டு.

பிளாஸ்டிக்கும் கழிவுதானே, அதையும் போடலாமே என்பார்கள். எண்ணெய் இளக்கும், பிளாஸ்டிக் இறுக்கும். ஏற்கெனவே இறுகிய தாரில் அளவு பார்க்காமல் சேர்த்தால் சாலை வெடிக்கும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறையில் துண்டாக்கிய பிளாஸ்டிக்கை 170 டிகிரி அளவில் சூடான ஜல்லி மேல் தூவுவார்கள். பழையது சேரும் கலவைக்கு ஜல்லியில் அந்தச் சூடு போதாது. பி.வி.சி. மட்டும் எந்த முறையிலும் வேண்டாம், சூட்டில் அமில வாயு கிளம்பும்.

170 டிகிரி ஏன் போதாது? பழையதை நேரடியாகத் தீயில் காட்டினால் தார் கருகும். அதனால் புது ஜல்லியை அதிகம் சூடாக்கி, அந்தச் சூட்டில் பழையதை இளக்குகிறோம். 30 சதவீதம் பழையது சேரும் கலவை 160 டிகிரியில் வர வேண்டுமென்றால், பழையது காய்ந்திருந்தாலே புது ஜல்லி 215 டிகிரியைத் தொட வேண்டும். 5 சதவீத ஈரம் இருந்தால் 275 ஆகிவிடும். அந்தச் சூட்டில் எண்ணெயும் தாரும் நீலப் புகையாய்ப் போகும். குவியலைத் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தினாலும் ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, அடியில் சரிவான தளம்: செலவு செய்வதென்றால் முதலில் அதற்குச் செய்யுங்கள்.