தோலில் அரிப்பு வந்ததும் பாலை நிறுத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பாலை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு டாக்டர். பரு ஒண்ணுகூடக் குறையல." ப்ளஸ் டூ படிக்கும் மகளோடு வந்த ஓர் அம்மா போன வாரம் சொன்னது இது. கேட்டுப் பார்த்தால், காலையில் குடித்துவந்த ஒரு டம்ளர் பால்தான் நின்றிருக்கிறது. ராத்திரி கெட்டித் தயிர் சாதம், டியூஷன் முடிந்து வரும் வழியில் வாழைப்பழ மில்க் ஷேக், படிக்கும்போது கிரீம் பிஸ்கட் எல்லாம் அப்படியே தொடர்கின்றன. அந்த வரிசையில் குற்றம் குறைந்தது காலைப் பால்தான். அதைப் பிடித்துத் தண்டித்துவிட்டார்கள்.

முதல் தவறே இங்கேதான் தொடங்குகிறது. 'பால் பொருட்கள்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது இன்றைய பழக்கம். ஆயுர்வேதத்தில் அப்படி இல்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குணம். பால் இனிப்பு, குளிர்ச்சி, கனம். நெய்யோ தோல் நோய்க்கே மருந்து. வேம்பு முதலான கசப்புச் சரக்குகள் சேர்த்துக் காய்ச்சும் மருந்து நெய்யான பஞ்சதிக்த கிருதம் கொடுத்துத்தான் பல தோல் சிகிச்சைகளைத் தொடங்குகிறோம். நெல்லிக்காயும் கோரைக்கிழங்கும் சேர்ந்த மோரைத் தாரையாக ஊற்றும் தக்ரதாரையைக் கேரள வைத்தியர்கள் சொரியாசிஸுக்குச் செய்கிறார்கள். 'தோல் நோயா, வெள்ளையாக இருக்கும் எதையும் தொடாதே' என்று சொல்பவர் ஆயுர்வேதத்தைச் சொல்லவில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது தயிரைப் பற்றி. 'உடம்பு சூடு, தயிர் சாப்பிடு, குளிர்ச்சி' என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொட்டால் சில்லென்று இருப்பதால் குளிர்ச்சி என்று நம்பிவிட்டோம். வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் தயிரை 'உஷ்ணம்' என்றே சொல்கிறது. செரித்த பிறகும் புளிப்பாகவே நிற்கும், கனமானது என்றும் சொல்கிறது. அதனால்தான் வசந்தம், கோடை, மழைக்குப் பின் வரும் சரத் ஆகிய மூன்று காலங்களிலும் தயிர் ஆகாது என்பது விதி. நாமோ சித்திரை வெயிலில்தான் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறோம். சிவந்து, எரிச்சலோடு கொப்புளமாகக் கிளம்பும் பித்தத் தோல்காரர்களுக்கு இது நேராகப் போய்த் தைக்கும்.

ஆயுர்வேதத்தின் இன்னொரு மூலநூல் ஆசிரியரான சரகர் இன்னும் கறார். இரவில் தயிர் வேண்டாம், சுடவைத்துச் சாப்பிட வேண்டாம், நெய், சர்க்கரை, பாசிப்பயற்று ரசம், தேன், நெல்லிக்காய் இவற்றில் ஏதும் சேராமல் வெறுமனே வேண்டாம் என்கிறார். மீறினால் வரும் நோய்களின் பட்டியலில் விசர்ப்பமும் (தோல் சிவந்து வேகமாகப் பரவும் நோய்) குஷ்டமும் இருக்கின்றன. குஷ்டம் என்றதும் பயப்பட வேண்டாம். சரகர் அதில் 18 வகை சொல்கிறார். படர்தாமரை, கரப்பான், செதில் செதிலாக உதிரும் நோய் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வரும். நம் பாட்டிமார் செய்த நெல்லிக்காய்த் தயிர்ப் பச்சடியை நினைத்துப் பாருங்கள். அந்த விதியை அறிந்து செய்தார்களோ என்னவோ, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அரைகுறையாக உறைந்த தயிர் வேறு. காலையில் அவசரமாகப் பிரை ஊற்றி, மதியம் டப்பாவைத் திறந்தால் மேலே பாலாகவும் அடியில் கொழகொழவென்றும் இருக்குமே, அதற்கு மந்தகம் என்று பெயர். வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களையும் கிளப்பும் என்று தனியாகவே எச்சரித்திருக்கிறார்கள்.

"சரி டாக்டர், மோராக்கிக் குடிக்கிறேன்" என்பார்கள். எப்படி என்று கேட்டால், ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு கரண்டி தயிர், ஐஸ் தண்ணீர், ஸ்பூனால் ஒரு கலக்கு. இது மோர் இல்லை, நீர்த்த தயிர். தண்ணீர் சேர்த்து மத்தால் கடைந்து, திரண்டு வரும் வெண்ணெயை எடுத்த பிறகு நிற்பதுதான் மோர். கனம் போய்விடும், லேசான துவர்ப்பு வரும், பசியைத் தூண்டும். 'நீர் சுருக்கி, மோர் பெருக்கி, நெய் உருக்கி' என்று நம்மூரில் சொல்வது இந்த மோரைத்தான். சீரகமும் மஞ்சளும் போட்டு, கொதிக்க விடாமல் காய்ச்சிய மோரையும் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தடுப்பதில்லை.

அடுத்தது சேர்க்கை. விருத்த ஆகாரம், அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத உணவுச் சேர்க்கை என்றால் எல்லோருக்கும் மீனும் பாலும்தான் நினைவுக்கு வரும். மீன் உஷ்ணம், பால் சீதம், இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கெடும் என்பது சரகரின் விளக்கம். நாங்கள் இன்றும் தவிர்க்கச் சொல்கிறோம். ஆனால் வெண்புள்ளி வந்தவரைப் பார்த்து 'மீனும் பாலும் சாப்பிட்டிருப்பே' என்று சொல்வது கொடுமை. உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது அது என்று நவீன மருத்துவம் சொல்கிறது. மீன்–பால் சேர்க்கைதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. பழியைச் சுமந்துகொண்டு சிகிச்சைக்கே வராமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மீனைப் பிடித்துக்கொண்ட நாம் மற்றதை விட்டுவிட்டோம். முள்ளங்கி, பூண்டு, முருங்கை, துளசி சாப்பிட்ட கையோடு பால் குடிக்காதே, தோல் நோய் வரும் என்று சரகர் மீன்–பால் பற்றிச் சொல்லும் அதே அத்தியாயம் சொல்கிறது. முள்ளங்கி சாம்பார் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது பால் குடிக்கும் வீடுகள் எத்தனை! புளிப்புப் பழங்களும் பாலோடு ஆகாது. வாழைப்பழமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே அந்தப் பெண்ணிடம் முதலில் நிறுத்தச் சொன்னது மில்க் ஷேக்கைத்தான்.

பரு விஷயத்தில் நவீன ஆய்வும் பாலை முழுதாக விடுவிக்கவில்லை. அமெரிக்காவில் 47,355 செவிலியரிடம் அவர்களின் பள்ளிக்கால உணவைக் கேட்டுச் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு சற்றுக் கூடுதல். அதிலும் கொழுப்பு நீக்கிய பாலோடு தொடர்பு பலமாகத் தெரிந்தது. நினைவிலிருந்து சொன்னது என்பதால் பால்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பருவுக்குப் பயந்து ஸ்கிம்டு மில்க்குக்கு மாறுவதில் லாபம் இல்லை என்றாவது தெரிகிறது. பருவுக்காக டெட்ராசைக்ளின் வகை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பாலோடு விழுங்காதீர்கள். பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் செய்துவிடும்.

படர்தாமரைக்குத் தயிரை மட்டும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது இன்னொரு தவறு. அது பூஞ்சைத் தொற்று. பூஞ்சைக்கான மருந்து வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும், பிறகு வட்டத்தைப் பெரிதாக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதலில் இரவுத் தயிரை மட்டும் நான்கு வாரம் விடுங்கள். வாரம் ஒரு முறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாற்றம் தெரிந்தால் மறுபடி சேர்த்துப் பாருங்கள். திரும்ப வந்தால் உங்கள் உடம்பே பதில் சொல்லிவிட்டது. பாலையும் விடுவதென்றால் கால்சியத்துக்கு வழி பண்ணுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 கிடைக்கும்.

குழந்தைகளிடம் மட்டும் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். பால் குடித்த சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, வாந்தி எடுத்தால் அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழங்கை மடிப்பில் வரும் சாதாரணக் கரப்பான் அப்படியல்ல. இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு ஐந்து மாதமாகப் பால், தயிர், நெய், முட்டை எதுவும் கொடுக்கவில்லை. கரப்பான் அப்படியே இருந்தது. கன்னம் ஒட்டி, எடை எட்டரைக் கிலோவில் நின்றது. அன்று நான் எழுதிய சீட்டின் முதல் வரியில் மருந்தின் பெயர் இல்லை. 'காய்ச்சிய பசும்பால், காலையும் மாலையும்' என்று எழுதினேன். அம்மா அதைப் படித்துவிட்டு, "நிஜமாவே குடுக்கலாமா டாக்டர்?" என்று இரண்டு முறை கேட்டார்.