முதலில் கியர், அப்புறம் வேரியன்ட்: முதன்முறை செடான் வாங்கும் வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

போன மாதம் குடியாத்தத்திலிருந்து மச்சான் போன் செய்தார். "மாமா, செடான்தான்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா ஷோரூம்ல ஒரே வண்டிக்கு அட்டை நிறைய வேரியன்ட் காட்டுறாங்க. டாப் மாடல்ல மேனுவல் எடுக்கலாமா, நடு மாடல்ல ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா? ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான் வருது."

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அன்று முக்கால் மணி நேரம் ஆனது. 2016-இல் நானும் இதே இடத்தில் நின்றேன். சன்ரூஃபையும் பெரிய திரையையும் பார்த்து டாப் மாடல் மேனுவல் எடுத்தேன். "ஆட்டோமேட்டிக்னா மைலேஜ் வராது சார்" என்று விற்பனையாளர் சொன்னதை அப்படியே நம்பினேன். தினமும் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி போய்வர வேண்டிய ஆள் நான். மூன்றாம் வருடமே இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. சன்ரூஃபைத் திறந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மச்சானுக்குச் சொன்னதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே செடான் என்று நான் சொல்வது ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா போன்ற நான்கு மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளை. நான்கிலும் டிக்கி 500 லிட்டருக்கு மேல். வேரியன்ட் என்றால் உடம்பு ஒன்றுதான், உள்ளே என்னென்ன பொருத்தித் தருகிறார்கள் என்பதில் வித்தியாசம். சிட்டியில் கீழிருந்து மேலாக எஸ்வி, வி, விஎக்ஸ், இசட்எக்ஸ் என்று போகும். கியர்பாக்ஸ் அதிலிருந்து தனி விஷயம்: மேனுவலில் கிளட்சை மிதித்து நாமே கியர் மாற்ற வேண்டும், ஆட்டோமேட்டிக்கில் வண்டியே மாற்றிக்கொள்ளும். ஆனால் கம்பெனிகள் இரண்டையும் முடிச்சுப் போட்டு விற்கின்றன. சிட்டியின் எஸ்வி-யில் மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் வி-க்கு ஏற வேண்டும். ஸ்லாவியா 2022-இல் வந்தபோதும் அடிமட்ட ஆக்டிவில் ஆட்டோமேட்டிக் கிடையாது. அதனால்தான் கியரை முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன். அது முடிவானாலே பாதி வேரியன்ட்கள் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும்.

படி 1: உங்கள் சாலையை எழுதுங்கள்

பத்து நாள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் ஆனது. வேறொன்றும் வேண்டாம்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து, ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி கிரீன் சர்க்கிள் வந்து சேரும் அந்தச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் சொற்பம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் கால் கிளட்சிலேயே கிடக்கும். சிஎம்சி வாசலில் இடா ஸ்கடர் சாலையும் அப்படித்தான். நோட்டில் இந்த மாதிரிக் கணக்கு வாரத்தில் நான்கைந்து நாள் வந்தால் உங்கள் வண்டி ஆட்டோமேட்டிக்.

மாறாக, நீங்கள் பள்ளிகொண்டாவிலோ வாலாஜாவிலோ இருந்து, நேராக நெடுஞ்சாலை ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வருபவர் என்றால் மேனுவல் போதும். அங்கே ஆறாவது கியரில் போட்டால் டோல்கேட் வரை கியரைத் தொட வேண்டியதில்லை.

மலைப் பயணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை போகும் ஏலகிரிக்காக வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் வேலை, மாதத்தில் எட்டு நாள் மலை ஏற வேண்டும் என்றால் அது வேறு கதை. அதற்குக் கீழே வருகிறேன்.

படி 2: யார் ஓட்டப் போகிறார்கள்?

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மனைவிக்கு லைசென்ஸ் இருந்தும் பழைய வண்டியை எடுக்கவே மாட்டாள், மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பயம். இப்போதைய வண்டி ஆட்டோமேட்டிக், அத்தையை ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப் போகிறாள். எனக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

படி 3: கியர்பாக்ஸ் வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஷோரூமில் எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் சொல்வார்கள். இந்த செடான்களில் மூன்று வகை உண்டு. மூன்றும் ஓட்டுவதற்கு மூன்று விதம்.

சிவிடி: சிட்டியிலும், வெர்னாவின் டர்போ இல்லாத பெட்ரோலிலும் வருவது. (டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி.) ஹூண்டாய் இதை ஐவிடி என்கிறது. உள்ளே பல் சக்கர கியர்கள் வரிசையாக இருக்காது. இரண்டு கூம்புச் சக்கரங்கள், நடுவே ஓர் இரும்புப் பட்டை. கூம்புகள் நெருங்கியும் விலகியும் வேகத்தை மாற்றும், அதனால் கியர் மாறும் குலுக்கலே கிடையாது. ஊருக்குள் ஓட்ட இதைவிடச் சுகமானது இல்லை. குறை ஒன்று உண்டு: திடீரென்று அழுத்தி மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வேகம் அதன் பின்னால் வரும். லாரியை முந்தும்போது இது பழகும்வரை கொஞ்சம் பதற்றம் தரும்.

டார்க் கன்வெர்ட்டர்: விர்ட்டஸ், ஸ்லாவியா இரண்டிலும் 1.0 லிட்டர் டர்போவோடு ஆறு கியராக வருகிறது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் வழியாகச் சக்தி போகிறது. பழைய, தேறிய தொழில்நுட்பம். ஊர்ந்து போகும் நெரிசலைப் பொறுமையாகத் தாங்கும்.

இரட்டைக் கிளட்ச்: டிசிடி என்பார்கள், ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தில் டிஎஸ்ஜி. வெர்னா டர்போவிலும், விர்ட்டஸ் மற்றும் ஸ்லாவியாவின் 1.5 லிட்டரிலும் ஏழு கியரோடு வரும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அடுத்த கியர் தயாராகக் காத்திருப்பதால் கண் இமைக்கும் நேரத்தில் மாறும். நெடுஞ்சாலையில் அருமை. ஆனால் விர்ட்டஸ், ஸ்லாவியாவில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். பிரேக்கை அரைகுறையாக விட்டு விட்டு வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் அது உரசிச் சூடேறும். வெயிலூர் என்று பெயரெடுத்த நம் ஊரில், மே மாதம் 40 டிகிரி தாண்டும் மதியத்தில், மேம்பால ஏற்றத்தில் இப்படி நகர்த்துவது அதற்கு நல்லதல்ல. தினமும் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வாங்கினால், முன் வண்டி நன்றாக நகர்ந்து இடம் விட்ட பிறகே பிரேக்கை விடப் பழகுங்கள்.

மைலேஜ் பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். கம்பெனி சொல்லும் சோதனைக் கணக்கின்படி சிட்டி மேனுவல் லிட்டருக்கு 17.8 கிலோமீட்டர், சிவிடி 18.4. 2023 வெர்னாவில் மேனுவல் 18.6, ஐவிடி 19.6. ஆமாம், ஆட்டோமேட்டிக்தான் அதிகம். டார்க் கன்வெர்ட்டரில் குறையும்: விர்ட்டஸ் 1.0 வந்தபோது மேனுவல் 19.40, ஆட்டோமேட்டிக் 18.12. சாலையில் இந்த எண்கள் அப்படியே வராது, நெரிசலில் எல்லாமே இறங்கும். ஆனால் 'ஆட்டோமேட்டிக் என்றால் பெட்ரோலைக் குடிக்கும்' என்ற பேச்சு எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதற்கு இது போதும்.

சரி, மலை. அங்கே கியரைவிட எஞ்சினின் இழுவை பெரிது. சிட்டியின் 145 நியூட்டன் மீட்டர் இழுவை முழுதாக வர எஞ்சின் நிமிடத்துக்கு 4,300 சுற்றுக்கு ஏற வேண்டும். விர்ட்டஸின் சின்ன 1.0 டர்போ 1,750 சுற்றிலேயே 178 தருகிறது. ஐந்து பேர், லக்கேஜ், ஏசியோடு கொண்டை ஊசியில் திரும்பி ஏறும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். அடிக்கடி மலை ஏறுபவர் டர்போவைப் பாருங்கள். எந்த ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் இறங்கும்போது டி (டிரைவ்) நிலையில் விட்டுவிட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதீர்கள். ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பேடிலிலோ கியர் லீவரிலோ கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள்.

படி 4: டெஸ்ட் டிரைவை உங்கள் வழியில் கேளுங்கள்

காலை பதினொரு மணிக்கு, காலியான சர்வீஸ் ரோட்டில், பத்து நிமிடம் ஓட்டவிட்டு முடித்துவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சாயங்கால நேரம் கேளுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் வண்டிதான் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டர்போவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரண பெட்ரோலை புக் செய்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓட்டும்போது பார்க்க வேண்டியவை: மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை முழுக்க நிறுத்தி எடுங்கள், பின்னால் உருளுகிறதா? நெரிசலில் பிரேக்கை மட்டும் விட்டு நகரவிடுங்கள், வெட்டி வெட்டிப் போகிறதா? நெடுஞ்சாலையில் அறுபதிலிருந்து நூறுக்கு ஒருமுறை அழுத்துங்கள். ஏசியை முழு வேகத்தில் வைத்தே இதையெல்லாம் செய்யுங்கள், நாம் அப்படித்தான் ஓட்டப் போகிறோம். பெரியவர்களைப் பின் சீட்டில் உட்காரவையுங்கள். செடான் தாழ்வான வண்டி. மூட்டு வலி உள்ளவர் ஏறி இறங்கச் சிரமப்பட்டால் அன்றே தெரிந்துகொள்வது நல்லது.

படி 5: வேரியன்ட் அட்டையைக் கீழிருந்து படியுங்கள்

விற்பனையாளர் மேலிருந்து ஆரம்பிப்பார். நீங்கள் உங்கள் கியர்பாக்ஸ் கிடைக்கும் மிகக் கீழான வேரியன்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து மேலே ஒவ்வொரு படிக்கும் 'இதற்குக் கூடுதலாக என்ன தருகிறீர்கள்?' என்று கேளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு: ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி, குழந்தை சீட்டுக்கான ஐசோஃபிக்ஸ். இவை இல்லாத வேரியன்டில் நிற்காதீர்கள், ஒரு படி ஏறிவிடுங்கள். அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்-ஐயும் பின்பக்கப் பார்க்கிங் சென்சாரையும் 'சிறப்பு வசதி' என்று சொன்னால் மயங்க வேண்டாம், இரண்டும் 2019 முதல் சட்டப்படி கட்டாயம்.

அடுத்தது நம் வெயில். பின் சீட்டுக்கு ஏசி வென்ட் அவசியம். மேல் வேரியன்ட்களில் வரும் காற்றோட்ட சீட்டுக்கு நான் மனதாரப் பணம் கொடுப்பேன். மதியம் கோட்டை மைதானத்துப் பக்கம் நிறுத்திவிட்டு வந்து லெதர் சீட்டில் உட்கார்ந்தவருக்கு அதன் அருமை தெரியும். வெர்னாவின் உச்ச டர்போ வேரியன்டில் சீட்டைச் சூடாக்கவும் வசதி உண்டு. நமக்கு அது எந்த நாளும் பயன்படாது. சன்ரூஃபும் அப்படியே, பிள்ளைகள் கேட்டால் மட்டும் யோசியுங்கள். அலாய் வீல், உள் அலங்கார விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் பிறகு வெளியே போட்டுக்கொள்ளலாம். ஏர்பேக்கையும் கியர்பாக்ஸையும் பிறகு போட முடியாது.

படி 6: ஆன்-ரோடு விலையை நீங்களே கூட்டுங்கள்

அட்டையில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதுக் காருக்கான வாழ்நாள் சாலை வரி: ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20. ஆக, பத்து லட்சத்தைத் தாண்டும் இடத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது. 9.99 லட்சம் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1.30 லட்சம். 10.20 லட்சம் வண்டிக்கு 1,83,600. விலையில் இருபத்தோராயிரம் ஏறினால் வரியில் ஐம்பத்து நாலாயிரம் ஏறுகிறது. பேஸ் மாடல் பார்ப்பவர்கள் இந்தக் கோட்டைக் கவனியுங்கள்.

மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ஒன்றேகால் லட்சம் வித்தியாசம் என்று வையுங்கள். அதன்மேல் 18 சதவீத வரி 22,500. இன்சூரன்ஸும் சேர்த்தால் ஒன்றரை லட்சம். எட்டு வருடம் ஓட்டினால் மாதம் சுமார் 1,560 ரூபாய். என் முழங்காலுக்கு நான் அதைத் தாராளமாகக் கொடுப்பேன். அதே ஒன்றரை லட்சத்தை டாப் மாடல் மேனுவலுக்குக் கொடுத்தால் என்ன வாங்குகிறீர்கள் என்று மேலே படி 5-இல் பார்த்தோம்.

பத்து லட்சத்துக்கு மேல் வாங்கினால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், ரசீதை பத்திரமாக வையுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வெளியே விலை கேட்டுவிட்டு வாருங்கள். ஆட்டோமேட்டிக் எடுத்தால் நீட்டித்த வாரன்டிக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 7: டெலிவரிக்கு முன்

எண் பதிவு ஆவதற்கு முன்னாலேயே, ஷோரூம்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய் வண்டியைப் பாருங்கள். பில்லில் எழுதிய வேரியன்ட் பெயரும் வண்டியில் இருப்பதும் ஒன்றா? ஏர்பேக் எண்ணிக்கை, பேடில் ஷிஃப்ட், பின் ஏசி வென்ட், ஸ்டெப்னி, இரண்டு சாவி எல்லாவற்றையும் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வண்டியோடு கம்பெனி தரும் சான்றிதழான படிவம் 22-இல் தயாரித்த மாதம் இருக்கும், அதையும் வாசியுங்கள்.

மச்சான் நோட்டு எழுதி அனுப்பினார். பத்து நாளில் ஏழு நாள் குடியாத்தம் கடைவீதி, இரண்டு நாள் வேலூர், ஒரு நாள் சென்னை. நடு வேரியன்டில் சிவிடி புக் செய்திருக்கிறார். இந்த ஞாயிறு யார்டுக்கு நானும் கூடப் போகிறேன்.